கண் பார்ப்பவள்

நான்காவது மாடி, கடைசிக் கதவு.
அடிஸ் அபாபாவின் இந்தக் குடியிருப்பில்
எண்ணைக் கேட்டு யாரும் வருவதில்லை.
புளித்த மாவுக்கு முகவரி எதற்கு?

நான் அசெலெஃபெச், கூட்டாளி முலுனேஷ்.
நாற்பது வீடுகளுக்கு இஞ்செரா சுடுகிறோம்.
அவள் கணக்குப் பார்ப்பாள்,
நான் கண் பார்ப்பேன்.
ஆமாம், கண்தான்.
ஊற்றிய வட்டம் வேகும்போது
மேலே கொப்புளித்து வெடிக்கும் துளைகளுக்கு
எங்கள் பேச்சில் அதுதான் பெயர்.
கண் திறக்காததை நான் விற்றதில்லை.
ஒருமுறை வாசல் நாய்க்குப் போட்டேன்.
முகர்ந்து பார்த்துவிட்டு
அது என்னைப் பார்த்தது.

டெஃப் விலை ஏறிய மாதம்
முலுனேஷ் ஒரு டப்பாவோடு வந்தாள்.
அரிசி மாவு.
"மூன்றுக்கு ஒன்று. வெள்ளையாக வரும்,
மெத்தென்று வரும், யாருக்கும் தெரியாது."
"எனக்குத் தெரியுமே."
"நீயா காசு கொடுத்து வாங்குகிறாய்?"

அன்றிலிருந்து இரண்டு வாளி.
பழைய மாவின் புளிப்புத் தண்ணீரைப்
பாகப்பிரிவினை செய்துகொண்டோம்.
என் பக்கம் ஒரு கரண்டி கூடிவிட்டதென்று
இரண்டு நாள்
முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் வாரம், ஒரு துக்க வீட்டிலிருந்து சொல்லி அனுப்பினார்கள்.
இருநூறு வேண்டும், இருட்டுவதற்குள்.
ஒன்பதாவது வட்டம் கல்லில் இருக்கையில்
மின்சாரம் போனது.
பாதி வெந்து, பாதிக் கண் மூடி,
அது அப்படியே கிடந்தது.

காவலாளி தெபல்கே
எங்கிருந்தோ ஒரு மண்கல்லை உருட்டி வந்தான்.
முற்றத்தில் மூன்று கல் கூட்டி
யூக்கலிப்டஸ் சுள்ளி வைத்து ஊதினோம்.
முதல் மூன்றும் கரி.
நான்காவது விளிம்பில் மட்டும் வெந்தது.
என் கைக்குத் தீயின் பாஷை
சுத்தமாக மறந்துபோயிருந்தது.

அப்போதுதான் எனக்கு
பக்கத்து வீட்டு பிசுநேஷ் ஞாபகம் வந்தாள்.
பன்னிரண்டு வருடத்துக்கு முன்
இந்த மின்கல்லை நான் வாங்கி வந்த அன்று
மூக்கைச் சுளித்துக்கொண்டு நின்றாள்:
"ஒயரில் சுட்டதில் என்ன ருசி இருக்கும்?"
எட்டு மாதம் என்னிடம் வாங்கவில்லை.
"புகையில் என்ன ருசி இருந்தது,
கண்ணெரிச்சல்தானே?" என்று
அவள் முகத்துக்கு நேரே சிரித்தவள் நான்.
அந்தச் சிரிப்பு இப்போது
புகையோடு தொண்டையில் மாட்டிக்கொண்டது.
இருமினேன்.
முலுனேஷ் தண்ணீர் கொடுத்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை.

அதற்குப்பின் வாளி எது யாருடையது என்று
பார்க்க நேரமில்லை.
அவள் ஊற்ற நான் மூட,
நான் ஊற்ற அவள் முறத்தட்டில் வழித்தெடுக்க,
அடுக்கு இடுப்பளவு உயர்ந்தது,
பழுப்பும் வெளுப்புமாக.

துக்க வீட்டில் யாரும் கண்களை எண்ணவில்லை.
அங்கே எல்லாக் கண்ணும் வீங்கியிருந்தன.
இறந்தவளின் மகன் முதலில் வேண்டாமென்றான்,
பிறகு கொஞ்சம் பிய்த்தான்,
பிறகு பருப்புக் குழம்பைத் தன் பக்கம் இழுத்தான்.
நானும் ஒரு விளிம்பைக் கிழித்து வாயிலிட்டேன்.
எந்த வாளி என்று தெரிந்தது.
தெரிந்தது என்றுதான் நினைக்கிறேன்.

மறுநாள் மின்சாரம் வந்தது.
என் மாவு மூன்று நாள்தான் புளிக்கும்,
அதில் பேச்சில்லை, சொல்லிவிட்டேன்.
சரி என்றாள், கணக்கு நோட்டிலிருந்து தலை தூக்காமல்.

அரிசி மாவு டப்பாவை நான் தூக்கி எறியவில்லை.
முக்காலி போட்டு ஏறி,
அலமாரியின் உச்சித் தட்டில்,
என் கைக்கு எட்டாத உயரத்தில் வைத்தேன்.

முலுனேஷ் என்னைவிட
ஒரு முழம் உயரம்.